சைபையின் டைக்ஸ்ட்ரா: சாலை வழி வொரோனாய் ஒரே அழைப்பில்

ஊரில் 50 தீயணைப்பு நிலையங்கள். எந்தத் தெருமுனைக்கு எந்த நிலையம் கிட்டம்? வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பிரித்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதும் கிட்டமாகத்தான் தெரியும். பாலம் 2 கிலோமீட்டர் தள்ளி இருப்பது ஸ்கேலுக்குத் தெரியாது. சாலை நீளத்தை வைத்து, ஒவ்வொரு தெருமுனையையும் கிட்டத்து நிலையத்தோடு சேர்த்துப் பிரிப்பதுதான் கிராஃப் வொரோனாய். இதில் தெருமுனைகள் நோடுகள், அவற்றை இணைக்கும் சாலைகள் எட்ஜுகள், நிலையங்கள் மையங்கள். பைத்தானில் அதைப் போட, சைபை என்ற அறிவியல் கணக்கீட்டு நூலகத்தின் டைக்ஸ்ட்ரா (மிகக் குறுகிய பாதை தேடும் முறை) ஃபங்ஷனைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். சைபையின் ஸ்பேஷியல் பகுதியில் வொரோனாய் என்ற பெயரிலேயே இன்னொன்று இருக்கிறது. அது நேர்கோட்டுத் தூரத்துக்கானது. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

1.6 பதிப்பில் வந்த 'மின்_ஒன்லி' என்ற தேர்வில்தான் விஷயம் இருக்கிறது. அதை ட்ரூ என்று வைத்தால் மையங்கள் எல்லாம் தூரம் 0 என்று ஒன்றாகப் புறப்படும். எத்தனை மையம் இருந்தாலும் ஓட்டம் ஒன்றுதான். 1,00,000 நோடு, 1,000 மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வு இல்லாவிட்டால் தூர அட்டவணை மட்டும் 800 எம்பி பிடிக்கும். இருந்தால் 0.8 எம்பி. பாதையில் ஒவ்வொரு நோடுக்கும் முந்தைய நோடு எது என்பதையும் கேட்டால் தூரம், முந்தைய நோடு, மையம் என மூன்று வரிசைகள் கிடைக்கும். மூன்றாவது வரிசைதான் வொரோனாய். அதில் வருவது மையத்தின் நோடு எண். நீங்கள் கொடுத்த பட்டியலில் அது எத்தனையாவது என்பது அல்ல. எந்த மையத்திலிருந்தும் போய்ச்சேர முடியாத நோடுக்கு -9999 வரும். அதை வடிகட்டாமல் வண்ணம் தீட்டப் போனால் குழப்பம்தான்.

தவறு பெரும்பாலும், சாலை நீளங்களை ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மேட்ரிக்ஸைக் கட்டும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே 120 மீட்டரில் ஒரு சந்து, 180 மீட்டரில் ஒரு தெரு. இரண்டையும் அப்படியே பட்டியலில் போட்டு சிஎஸ்ஆர் (பூஜ்யங்களை விட்டுவிட்டுச் சேமிக்கும்) மேட்ரிக்ஸ் ஆக்கினால், ஒரே இடத்தில் விழும் மதிப்புகளைச் சைபை கூட்டிவிடும். தூரம் 300 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடமும் பார்க்க நன்றாகவே இருக்கும். கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஜோடிக்கும் மிகக் குறைந்த நீளத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒருவழிப் பாதை. ஃபங்ஷன் கணக்கிடுவது மையத்திலிருந்து நோடுக்குப் போகும் தூரம். தீயணைப்பு வண்டிக்கு அது சரி. நோயாளி மருத்துவமனைக்கு வரும் தூரம் வேண்டுமென்றால் மேட்ரிக்ஸை டிரான்ஸ்போஸ் செய்து (வரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றி) கொடுக்க வேண்டும்.

எல்லைக்கோடு பல சமயம் சாலையின் நடுவில் விழும். அதைச் சைபை தராது, நாமே போட வேண்டும். இருவழிச் சாலையின் இரு முனைகள் வேறு வேறு மையத்துக்குப் போயிருந்தால், மறுமுனைத் தூரத்திலிருந்து இந்த முனைத் தூரத்தைக் கழித்து, சாலை நீளத்தைக் கூட்டி, பாதியாக்குங்கள். இந்த முனை 400, மறுமுனை 500, சாலை 300 மீட்டர் என்றால் இங்கிருந்து 200 மீட்டரில் எல்லை. இரு பக்கமும் 600 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க்எக்ஸ் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தில் 'வொரோனாய்_செல்ஸ்' என்று தயாராகவே ஒன்று உண்டு. சில ஆயிரம் நோடுகளுக்கு அதுவே போதும், படிக்கவும் எளிது. ஆனால் முழுக்கப் பைத்தானில் ஓடுவதோடு, உள்ளே ஒவ்வொரு நோடுக்கும் முழுப் பாதையையும் பட்டியலாகச் சேர்த்து வைக்கிறது. முதல் நோடு மட்டும்தான் பிறகு பயன்படுகிறது. பெரிய ஊர் என்றால் மெமரி அங்கேதான் போகும். இன்னொன்று: அது தானாகத் தேடுவது 'வெயிட்' என்ற பெயரை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளை எடுத்துத் தரும் ஓஎஸ்எம்என்எக்ஸ் வழியே எடுத்த சாலைத் தரவில் நீளம் 'லெங்த்' என்ற பெயரில் இருக்கும். பெயரைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு சாலையும் 1 என்று எண்ணப்பட்டு, மீட்டருக்குப் பதில் எத்தனை சந்திப்பு தாண்டினோம் என்பதே தூரமாகிவிடும்.

கிராஃப் பிளேனர் (கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையக்கூடியது) என்பதைச் சைபை, நெட்வொர்க்எக்ஸ் இரண்டுமே பயன்படுத்துவதில்லை. இந்த வேலைக்கு அது குறையே இல்லை. n நோடுள்ள பிளேனர் கிராஃபில் எட்ஜுகள் 3n−6ஐத் தாண்டாது என்பதால் டைக்ஸ்ட்ராவே n லாக் n அளவில் முடிந்துவிடும். 1997இல் ஹென்ஸிங்கர், க்ளைன், ராவ், சுப்ரமணியன் நால்வரும் தந்த நேரியல் (n அளவிலேயே முடியும்) முறையால் மிஞ்சுவது அந்த லாக் மட்டும்தான். விட்டம் (மிகத் தொலைவான ஜோடியின் தூரம்), எல்லா ஜோடித் தூரங்களின் கூட்டுத்தொகை என்று போனால் கதை வேறு. அவற்றை n²க்குக் கீழே கொண்டுவரலாம் என்று 2017இல் கபேயோ காட்டியதே பிளேனர் கிராஃபின் வொரோனாயை வைத்துத்தான். அந்த முறை இந்த இரண்டு நூலகங்களிலும் இல்லை. 1,00,000 நோடுக்கு முழு அட்டவணை 80 ஜிபி; ஆகவே புறப்படும் நோடுகளை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் 400 எம்பியில் கூட்டுத்தொகையையும் பெருமத்தையும் எடுத்துக்கொண்டு அட்டவணையை அழித்துவிட வேண்டியதுதான்.

பிளேனராக இருக்க வேண்டும் என்று கேட்காததில் ஒரு வசதியும் இருக்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்தை வரைபடத்தில் பாருங்கள்: கோடுகள் வெட்டிக்கொள்ளும், சாலைகள் சேராது. வெட்டும் இடமெல்லாம் நோடு போட்டுப் பிளேனர் ஆக்கினால் இல்லாத திருப்பம் ஒன்று முளைத்து, ஒரு நிலையத்தின் எல்லை அதன் வழியே அடுத்த பக்கம் வழிந்துவிடும். சைபைக்கு மேம்பாலத்தை உள்ளபடியே கொடுக்கலாம்.

குறை என்று சொன்னால் ஒன்று: மையத்துக்கு ஆரம்பத் தாமதம் கொடுக்க வழியில்லை. ஒரு நிலையத்தில் வண்டி கிளம்ப 60 விநாடி, இன்னொன்றில் 120 என்றால், சாலை நீளத்தை விநாடியாக மாற்றிவிட்டு, புதிதாக ஒரு நோடு சேர்த்து, அதிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த விநாடிகளை நீளமாக வைத்த ஒருவழி எட்ஜ் போடுங்கள். பிறகு அந்தப் புது நோடிலிருந்து மட்டும் ஓட்டி, முந்தைய நோடு வரிசையில் பின்னோக்கிப் போனால், புது நோடுக்கு முன் கடைசியாக வருவதுதான் அந்தத் தெருமுனைக்கு உரிய நிலையம்.