புதுமைப் பெண் திட்டம்: பாசி எடுக்கிற ஒரு வீட்டிலிருந்து

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று எங்கள் பாம்பன் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். என் சின்ன மகள் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படிக்கிறாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதனால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது.

நான் கடலில் பாசி எடுக்கிறவள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கினாலும் பாறை கிழிக்கத்தான் செய்யும். வீட்டுக்காரருக்கு விசைப்படகில் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். பிள்ளைக்குப் பரீட்சையும் ரெக்கார்டு நோட்டும் ஜெராக்ஸும் அந்த நேரத்தில்தான் வரும். போன தடவை எதற்கும் அவள் எங்களிடம் கேட்கவில்லை. வட்டிக்கு வாங்காமல் ஓட்டினோம்.

மூத்தவள் காலத்தில் அரசு உதவி கல்யாணத்துக்குத்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தில் 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கிடைத்தது. அன்றைக்கு அது பெரிய கை கொடுப்பு. ஆனால் பத்தாவது முடித்தாலே போதும் என்றிருந்ததால், அதோடு மாப்பிள்ளை பேச்சும் ஆரம்பித்துவிடும். 2022-இல் அதையே படிப்புக்கான பணமாக மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தை என் வீட்டிலேயே பார்த்தேன். வைகாசியில் சின்னவளைப் பெண் கேட்டு வந்தார்கள். "டிகிரி முடிக்கிற வரைக்கும் மாசாமாசம் பணம் வருது, படிப்பை நிறுத்தினா அதுவும் நின்னுபோகும். அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியவர் என் மாமியார். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் காலேஜு என்று கேட்டவரும் அவர்தான்.

குறையும் உண்டு. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, சான்றிதழில் இன்னொரு மாதிரி. வங்கியில் இழுத்தடித்தார்கள். தொழிலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டு அலைந்தேன். கல்லூரியில் இதைக் கவனிக்கிற மேடம்தான் கூடவே நின்று சரிசெய்து கொடுத்தார். பஸ், நோட்டு என்று எல்லாம் ஏறிவிட்டது, தொகை மட்டும் ஆரம்பித்த அதே ஆயிரம். 1,500 ஆவது ஆக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போனதால் அவளுக்கு இது கிடைக்கவில்லை. பள்ளி மாற்ற நினைக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். 2024-இலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த கையோடு ஆதார் பெயரைச் சரிபார்த்து, பிள்ளை பெயரில் கணக்கு தொடங்கிவிடுங்கள். விண்ணப்பத்தைக் கல்லூரியிலேயே பதிந்து தருவார்கள்.