மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஆளுயரக் கடிகாரம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கும் ஆளுயர ஆங்கிலேயக் கடிகாரம், தோட்டத் துரையின் பங்களாவைக் காலி செய்தபோது அப்பா விலை பேசி வாங்கியது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். எட்டு நாள் ஓடும். ஓட்டத்துக்கு ஒன்று, மணியடிக்க ஒன்று என இரண்டு எடைக்குண்டுகள் உள்ளன. பழைய கடிகாரம் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், தாராளமாக வாங்கலாம், ஆனால் பழுது என்றதும் பல்சக்கரங்களைச் சந்தேகிக்குமுன் அது நிற்கும் தரையையும் சுவரையும் பாருங்கள் என்றே சொல்வேன்.

எங்கள் கடிகாரம் சாவி கொடுத்த முதல் சில நாள்கள் ஒழுங்காக ஓடி, வாரக் கடைசியில் மட்டும் நின்றுவிடும். ஈப்போவில் பழுதுபார்ப்பவர் ஒருவர் எந்திரம் முழுவதையும் கழற்றித் துடைத்து, நல்ல கூலியும் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த பிறகும் இதே கதைதான். ஒருநாள் கதவைத் திறந்து வைத்துக் கவனித்தபோது, கயிறு நீண்டு ஊசல் குண்டின் மட்டத்துக்கு இறங்கியிருந்த எடைக்குண்டு, ஊசலின் வீச்சுக்கு இசைவாகத் தானும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றின் நீளம் ஊசலின் நீளத்தை நெருங்கும்போது எடைக்குண்டும் ஓர் ஊசலாகிவிடுகிறது. பலகைத் தரையில் பெட்டி சிறிதளவு அசைந்தாலும் அந்த அசைவின் வழியே ஊசலின் விசையை அது உறிஞ்சிக்கொள்கிறது. சுவருக்கும் பெட்டியின் பின்பலகைக்கும் இடையே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து ஸ்க்ரூவால் இறுக்கியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

தொலைந்துபோன ஊசலுக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. அதில் பழுதொன்றும் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்புவிசை குறைவதால் ஊசல் மெதுவாகிறது. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுசென்ற கடிகாரமும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அந்நகரும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த அந்த ஊசலின் அடியிலுள்ள மரையைத் திருகி, குண்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயர்த்தியதும் நேரம் சரியானது.

நம் ஊர் வெப்பத்தைப் பலர் குறை கூறுகிறார்கள். ஆண்டு முழுவதும் அது பெரிதாக மாறாததால் ஊசல் தண்டின் நீளமும் அதிகம் மாறுவதில்லை என்பதே என் அனுபவம். உண்மையான பகை ஈரப்பதம்: எஃகு அச்சுமுனைகள் துருப்பிடிக்கின்றன, பெட்டியின் பழைய வச்சிரப் பசை இளகுகிறது. கறையான் வேறு. குடல்நரம்புக் கயிறு இருந்தால் சாவி கொடுக்கும்போதெல்லாம் அதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நைந்த கயிறு அறுந்தால் ஐந்தாறு கிலோ எடைக்குண்டு பெட்டியின் அடிப்பலகையைப் பெயர்த்துவிடும்.