புகைப்படமா, வெட்டுத்தோற்றமா?

உலகக் கட்டடக்கலை விழாவின் ‘ஆண்டின் சிறந்த கட்டடம்’ விருதை நம் சிங்கப்பூர்க் குடியிருப்புகள் இரண்டு வாங்கியிருக்கின்றன. 2015இல் டெப்போ ரோட்டின் இன்டர்லேஸ், 2018இல் கம்போங் அட்மிரல்ட்டி. கட்டடக்கலைப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் வைத்தே சோதித்துப் பார்க்கலாம். பக்கம் முழுக்கப் புகைப்படம் போடும் கனத்த புத்தகம் தேவலையா, வரைபடத்தை நம்பும் புத்தகமா?

இன்டர்லேஸுக்குப் புகைப்படம்தான். ஓலே ஷேரன் வடிவமைத்த அந்தக் குடியிருப்பில் ஆறு மாடி உயரமுள்ள 31 புளோக்குகள், அறுகோண முற்றங்களைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வானிலிருந்து எடுத்த ஒரே படத்தில் விஷயம் புரிந்துவிடும். புத்தகத்தின் நடுமடிப்பு படத்தை விழுங்காமல் இருந்தால் சரி. என்ன, அங்கே குடியிருப்பவர் யாரும் அந்தக் கோணத்தில் தம் வீட்டைப் பார்ப்பதில்லை!

கம்போங் அட்மிரல்ட்டியில் கதையே வேறு. வோஹா நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடத்தைப் படம் பிடித்தால் படிப்படியாக ஏறும் பசுமை மட்டும்தான் தெரியும். ஏதோ ரிசார்ட் என்று புரட்டிவிட்டுப் போகலாம். கெட்டிக்காரத்தனமெல்லாம் உள்ளே இருக்கிறது. நிலம் 0.9 ஹெக்டர், உயரத்துக்கு 45 மீட்டர் வரம்பு. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதை மேலே மேலே வைத்தார்கள். தரையில் திறந்த சதுக்கம், அதன்மேல் உணவங்காடி நிலையம், அதற்கும் மேலே மருத்துவ நிலையம், உச்சியில் பூங்காவும் மூத்தோருக்கான 104 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளும். கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வரைபடத்தில், அதாவது வெட்டுத்தோற்றத்தில், இவை அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். மருத்துவ நிலையத்துக்கு நடுமுற்றம் வழியாக வெளிச்சம் இறங்குவதும் அதில்தான் பிடிபடும். வெளிப்புறப் படங்கள் பத்து போட்டாலும் இதைச் சொல்லாது.

ஆனால் அந்த வெட்டுத்தோற்றத்தைத்தான் பதிப்பாளர்கள் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள்! அந்தி வானத்துக்கு இரண்டு பக்கம்; வெட்டுத்தோற்றத்துக்கு ஒரு மூலை, அதுவும் வெளிறிய சாம்பல் கோட்டில். பூதக்கண்ணாடி இருந்தாலும் எழுத்து தெரியாது.

என் ஓட்டு வரைபடப் புத்தகத்துக்கு. வரவேற்பறை மேசைக்கு அழகாக வேண்டுமென்றால் புகைப்படப் புத்தகத்தை எடுங்கள், தப்பில்லை. இரண்டுமே விலை கூடுதல்தான். முதலில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். வெட்டுத்தோற்றம் அரைப் பக்கமாவது இருக்கிறதா, அளவுகோல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.