விலை சொல்லாமல் பரிமாறப்பட்ட இறால்: பெரம்பூர் இத்தாலிய உணவகம் பற்றி ஓர் எச்சரிக்கை

சென்ற மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையன்று, பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்காக, பெரம்பூரில் வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் எட்டு மேசைகளுடன் நடக்கும் சிறிய இத்தாலிய உணவகத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். பாஸ்தா சாப்பிட வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் வரை போக வேண்டியிருந்த எங்களுக்கு, வீட்டருகிலேயே இப்படி ஓர் இடம் திறந்ததில் மிகுந்த மகிழ்ச்சி இருந்தது. அதனாலேயே இதை எழுத வருத்தமாகவும் இருக்கிறது.

மெனு அட்டையைப் பார்த்து மார்கரீட்டா பீட்சா (320 ரூபாய்), காளான் போட்ட வெள்ளை சாஸ் பாஸ்தா (280), பூண்டு ரொட்டி (140), இரண்டு லைம் சோடா (160) ஆகியவற்றைக் கேட்டோம். அட்டையைத் திரும்ப வாங்கும்போது பரிமாறுபவர் அப்பாவிடம், "இன்னிக்கு ஸ்பெஷல் இறால் லிங்குயினி சார், காலையிலதான் காசிமேட்டுல வாங்கினது" என்றார். அந்தப் பாஸ்தா வகை அட்டையில் இல்லை. அவர் விலையைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்காமல் சரி என்றுவிட்டோம்.

பீட்சாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிங்குயினி வந்தபோதுதான் அம்மாவின் முகம் மாறியது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளாகக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனை வாங்கி ஆய்ந்து சமைப்பவர் அவர். தட்டு முழுவதும் சீஸைத் துருவிக் கொட்டியிருந்தார்கள். கடல் உணவு சேர்த்த பாஸ்தாவில் பொதுவாகச் சீஸ் தூவுவதில்லை என்பது இத்தாலியர்களின் வழக்கம். இங்கே அது எதை மறைக்கப் போடப்பட்டது என்பது சீஸை ஒதுக்கியதும் எழுந்த நெடியிலேயே தெரிந்தது. அம்மா ஓர் இறாலை எடுத்து முட்கரண்டியால் முதுகைப் பிளந்து காட்டினார்: கறுப்புக் குடல் நூல்போல அப்படியே இருந்தது, சதை மாவாக உதிர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதும், அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் சரக்குதான் கிடைக்கும் என்பதும் வடசென்னையில் யாருக்குத் தெரியாது? அன்று காலை வாங்கிய இறால் அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு வாய்க்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "ஆர்டர் பண்ணிட்டீங்களே மேடம்" என்பதே பதிலாக இருந்தது.

பில்லில் அந்த ஒரு தட்டுக்கு மட்டும் 1,150 ரூபாய். மொத்தம் 2,050 ரூபாயின் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 205, அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,368 ரூபாய். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்ததையும் உரிமையாளரிடம் சொன்னேன். இத்தாலியில் மேசையில் உட்காருவதற்கே கட்டணம் உண்டு என்றார் அவர். உண்மைதான், ஆனால் அங்கே அந்தத் தொகையை மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள் என்றதும் 205 ரூபாயை நீக்கினார். இறாலின் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மறுத்துவிட்டார்.

கடைசியாக 2,153 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகே இன்னொன்றைக் கவனித்தேன். வரி வாங்கிய அந்தச் சீட்டில், தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இல்லை. பில்லில் கட்டாயம் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. திரும்பிப் போய் முறையான பில் கேட்டதற்கு, கணினி வேலை செய்யவில்லை என்றார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

அப்பா மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம், தான் சரி என்று சொன்னதால்தான் இவ்வளவும் என்று வருந்திக்கொண்டே வந்தார். நேற்று மாலை அந்தத் தெரு வழியாக வந்தேன். தடைக்காலம் இன்னும் முடியவில்லை. வாசலில் இருந்த கரும்பலகையில் காசிமேட்டு இறால் ஸ்பெஷல் என்று எழுதியிருந்தார்கள், பக்கத்தில் விலை இல்லை.