கடைப் பழ விதையா, குட்டை ரகமா, வீரிய ஒட்டா? வீவக வீட்டுக்கு ஏற்ற செர்ரித் தக்காளி எது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செர்ரித் தக்காளி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சட்டிக்கும் மண்ணுக்கும் உரத்துக்கும் மெனக்கெடுகிறார்கள். விதையை மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது விதையைத்தான். செடி வளர்வதில் இங்கே சிக்கலே இல்லை. விதை ஒரு வாரம் போல முளைத்துவிடும், இலை தழைக்கும், மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக வரும். அதற்கப்புறம் காய் பிடிக்காது.

காரணம் நம் இரவுகள். தக்காளியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம். பகலில் வெயில் இருந்தாலும் இரவு குளிர வேண்டும் அதற்கு. இரவில் வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் மகரந்தம் பலவீனமாகிவிடும். இங்கே ஆண்டு முழுவதும் இரவில் சராசரியாக 24, 25 டிகிரி வரைதான் இறங்குகிறது. நம் சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையில் விளைவதும் இதனால்தான்.

பூவைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நடப்பது புரியும். பூக்காம்பின் நடுவே சின்னதாக ஒரு கணு இருக்கும், விரல் மூட்டு மாதிரி. கரு பிடிக்காத பூவில் முதலில் அந்தக் கணு மஞ்சளாகும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தொட்டாலே பூ கணுவோடு கழன்று விழும். கரு பிடித்த பூவில் காம்பு பச்சையாகவே தடித்துக்கொண்டு வரும், இதழ் வாடிச் சுருங்கி, அடியில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைக் காய் எட்டிப் பார்க்கும். பெரிய தக்காளி ரகங்களில் பெரும்பாலும் முதல் காட்சிதான் கிடைக்கும். சிறு பழ ரகங்கள் சூட்டை மேலாகத் தாங்குகின்றன. அதனால் செர்ரித் தக்காளியைத் தேர்ந்தெடுத்ததுமே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதி, எந்த விதை என்பதில் இருக்கிறது.

கடையில் வாங்கிய பழத்தின் விதை

“ஒரு டப்பா பழம் வாங்கினா அதுலயே நூறு விதை இருக்கே, எதுக்குத் தனியா காசு?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பது நியாயமான கேள்விதான். விதை முளைக்கும், அதில் சந்தேகமே இல்லை. பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சுற்றியுள்ள வழவழப்போடு ஒரு தம்ளரில் இரண்டு நாள் விட்டால் லேசாகப் புளித்து அந்தச் சவ்வு கரையும். அந்தச் சவ்வுதான் பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது. அலசிக் காய வைத்து விதைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஐந்து முதல் எட்டு நாளில் முளை தெரியும். குளிர்நாடுகளில் இதற்கென்று சூடேற்றும் பாய் வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு கிடையாது.

சிக்கல் பின்னால் வரும். பேரங்காடியில் விற்கும் செர்ரித் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு. இரண்டு வெவ்வேறு பெற்றோர் ரகங்களைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அதன் விதையிலிருந்து வரும் பிள்ளைகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒன்று இனிக்கும், ஒன்று வெறும் புளிப்பாக இருக்கும், இன்னொன்று ஆளுயரம் போயும் காய்க்காது. அது மட்டுமில்லை, அந்த ரகங்கள் குளிர்ந்த மலையிலோ பசுமைக் குடிலிலோ வளர்ப்பதற்காக உருவானவை. எட்டாவது மாடி நடைபாதையின் புழுக்கத்துக்கு அவற்றைப் பழக்கியவர் யாருமில்லை.

விதைக்குக் காசில்லை, சரி. ஆனால் அந்தச் செடி நல்லதா இல்லையா என்று தெரிய மூன்று, நான்கு மாதம் ஆகும். வீட்டில் வெயில் விழும் இடமே இரண்டு சட்டி வைக்கிற அளவுக்குத்தான் என்றால், அந்த இடத்தை நான்கு மாதம் அதிர்ஷ்டத்துக்குக் கொடுப்பது பெரிய விலை. பிள்ளைகளுக்கு முளைப்பதைக் காட்ட நினைத்தால் கடைப் பழ விதை அருமையான வழி. பழம் பறிக்க நினைத்தால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

குட்டை ரகங்கள்

மைக்ரோ டாம், டைனி டிம் இரண்டும் பெயர் பெற்றவை. மைக்ரோ டாம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவானது, 1989ல் வெளிவந்தது. ஒரு சாண் உயரம்தான் வளரும். ஒன்றிரண்டு லிட்டர் சட்டி போதும், குச்சி கட்ட வேண்டியதில்லை, கிளை கிள்ள வேண்டியதில்லை. டைனி டிம் அதைவிடப் பெரிது, ஒன்றரை அடி வரை போகும், நாலைந்து லிட்டர் சட்டி கேட்கும்.

சுவையில் டைனி டிம்முக்குத்தான் என் ஓட்டு. மைக்ரோ டாம் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பழத்தின் தோல் தடிப்பு, இனிப்பும் குறைவு. ரசத்துக்கு நசுக்கிப் போடலாம், அப்படியே வாயில் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டுமே நிலையான ரகங்கள் என்பதால் அவற்றின் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே செடி வரும். விதையை மூடியிறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். வெளியே வைத்தால் நம் காற்றின் ஈரமே விதையைக் கெடுத்துவிடும்.

குட்டைச் செடியின் பெரிய பலம், தூக்கி நகர்த்தலாம் என்பதுதான். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் வழி விட்டிருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. ஆளுயரக் கொடிக்குச் சட்டம் கட்டி நிறுத்தினால் அந்த வழி அடைபடும். குட்டைச் சட்டிகள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும். பெருமழை சாய்த்து அடித்தால் உள்ளே எடுத்து வைக்கலாம். ஒரு செடியில் கிடைக்கும் பழம் குறைவு, அதை மறைக்க முடியாது. ஒரே சமயத்தில் காய்த்து ஓய்ந்தும் விடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாலு விதை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வீரிய ஒட்டுக் கொடிகள்

ஜப்பானின் சன் கோல்ட், அப்புறம் ஸ்வீட் 100 வகையறா. இனிப்பென்றால் இவைதான். பழுத்த சன் கோல்டைச் செடியிலிருந்தே பறித்துத் தின்றவர் கடைப் பழத்தை மறுபடி ஆசையோடு வாங்குவது கஷ்டம். ஆனால் இது கொடி. இரண்டு மீட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். 15 முதல் 20 லிட்டர் சட்டி, உறுதியான கம்பு, வாரா வாரம் பக்கக் கிளை கிள்ளுவது எல்லாம் சேர்த்தி. கிள்ளும்போது விரலில் பச்சைக் கறை படியும், சோப்புப் போட்டால் மஞ்சளாக ஓடும். அந்த வாசனை பிடித்துப்போனவர்களுக்கு இந்த வேலை சலிக்காது.

சன் கோல்டின் தோல் மெல்லியது. இரண்டு நாள் காய்ந்து மூன்றாம் நாள் மழை கொட்டினால் பழம் வெடித்துவிடும். கூரை உள்ள பால்கனிக்குச் சரிப்படும், திறந்த இடத்துக்கு ஒத்துவராது. பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் தோட்டப் பாத்தி எடுத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே வெப்பம் தாங்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் தைவான், தாய்லாந்து ரகங்கள் பொருத்தம். நம்மைப் போன்ற தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து உருவாக்கியவை அவை. தடித்த தோல், நீள்வட்டப் பழம், இனிப்புக் கொஞ்சம் கம்மி, ஆனால் காய்ப்பு உண்டு.

பாத்தி மண்ணில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாக்டீரியா வாடல் நோய். காலையில் நன்றாக இருந்த செடி மத்தியானம் பச்சையாகவே தொங்கிவிடும், தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் முனையைத் தொட வையுங்கள். வெட்டிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்கினால் அந்த நோய்தான். மண்ணில் பல காலம் இருக்கும், மருந்து கிடையாது. அந்த மண்ணில் கத்தரி, மிளகாய், தக்காளி எதையும் உடனே திரும்ப வைக்கக் கூடாது. சட்டியில் வளர்ப்பவர்கள் புது மண் கலவை வாங்கிப் போடுவது இந்தத் தலைவலியைப் பெருமளவு தவிர்க்கும்.

வீரிய ஒட்டின் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். விதை தேவையே இல்லை. கிள்ளிய பக்கக் கிளையைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். அது அதே செடிதான், அதே இனிப்பு. குளிர்காலம் வந்து செடியைக் கொல்லாத ஊரில் இருக்கிறோம், ஆகவே ஒரு பாக்கெட் விதையை இப்படி நீட்டித்துக்கொண்டே போகலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் தாக்கிய செடியிலிருந்து மட்டும் கிளை எடுக்காதீர்கள், நோயும் கூடவே வரும்.

கறுப்புச் செர்ரி போன்ற, ஒட்டு அல்லாத ரகங்களைப் பற்றியும் கேட்பார்கள். சுவை உண்டு, விதையும் சேமிக்கலாம். ஆனால் உயரக் கொடி, காய்க்க நாளாகும், சூட்டில் பூ உதிரும். இங்கே முதல் செடியாக அது வேண்டாம்.

உங்கள் வாசல் எந்தப் பக்கம்?

ரகத்தை முடிவு செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். தக்காளிக்கு நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒட்டிய ஊர் என்பதால் நமக்கு வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான், ஐரோப்பியக் கோடையின் 15, 16 மணி நேரம் கிடையாது. சூரியன் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை வடக்கே சாய்ந்தும் மீதி ஆறு மாதம் தெற்கே சாய்ந்தும் போகிறது. ஆகவே தெற்குப் பார்த்த நடைபாதையில் ஜூனில் நேர் வெயிலே விழாது, டிசம்பரில் விழும். வடக்குப் பார்த்த வீட்டுக்கு அப்படியே மாறும். அரையாண்டு வெயில் மட்டும் கிடைக்கும் இந்த இரண்டு வீட்டுக்கும் சீக்கிரம் காய்த்து முடிக்கும் குட்டை ரகமே சரி. கொடி ஓடிப் பழுப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடும். கிழக்கு வாசல், மேற்கு வாசல்காரர்களுக்கு வருடம் முழுக்க அரை நாள் வெயில் உண்டு. நான் கிழக்கைத்தான் விரும்புவேன். காலை வெயில் இலை ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும். மேற்கில் மத்தியானம் மேகம் கட்டும், மேகம் கட்டாத நாளில் சுவர் அனலாகக் கொதிக்கும்.

மாடி உயர உயரத் தேனீ வரத்து குறையும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் மகரந்தம் உதிர்ந்தாலே போதும்.

மண் இல்லாமல் ஊட்டநீர் டப்பாவில் வளர்ப்பதும் நடக்கும், முக்கியமாகக் குட்டை ரகங்களுக்கு. கொடி குடிக்கிற தண்ணீருக்கு டப்பா நிரப்பியே மாளாது. மூடியில் இடுக்கு இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும் என்பதால் பஞ்சு வைத்து அடைத்தே ஆக வேண்டும். மண் சட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிக் கவிழ்க்க வேண்டும்.

தெற்கு வாசலோ கிழக்கு வாசலோ உள்ளவர்களுக்கு என் யோசனை இது: தீபாவளி முடிந்ததும் டைனி டிம் விதை ஆறு எடுத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். டிசம்பர் மழையில் நாற்று கூரைக்குள் பத்திரமாக வளரும். நாற்று நெட்டையாகப் போயிருந்தால் சட்டி மாற்றும்போது தண்டை முதல் இலை வரை புதைத்துவிடுங்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். பூக்கும் வேளையில் ஆண்டிலேயே இரவு கொஞ்சம் குளிரும் டிசம்பர், ஜனவரி வந்திருக்கும். காய் பழுக்கும்போது மழை குறைந்த பிப்ரவரி. வடக்கு வாசல்காரர்கள் பிப்ரவரி கடைசியில் விதைக்கலாம். ஏப்ரல், மே புழுக்கத்தில் பூப்பதால் பழம் குறைவாகத்தான் இருக்கும், இரண்டு சட்டி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் பால்கனியும் கம்பு கட்ட இடமும் இருக்கிறவர்கள் முதல் குட்டைச் செடி காய்த்ததும் வெப்பம் தாங்கும் ஒரு வீரிய ஒட்டுப் பாக்கெட் வாங்கலாம்.