கேமரா பையும் மும்பை மழையும்: நாலு வருஷத்துக்குப் பிறகு

என் கேமரா பையின் ஜிப் ரன்னரை, அதாவது ஜிப்பை இழுத்து மூடும் துண்டை, மாற்றிக்கொண்டு வந்த கையோடு எழுதுகிறேன். விலை இறங்கியிருக்கிறதே, இதே பையை வாங்கலாமா என்று மாட்டுங்கா நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 25 லிட்டர் முதுகுப்பை. ஒரு கேமரா பாடி, 24-70, 70-200 லென்ஸ்கள், ஃபிளாஷ், சார்ஜர் வைத்தால் ஆறு கிலோ. தண்ணீர் பாட்டிலும் ட்ரைபாடும் சேர்ந்தால் எட்டு. எத்தனை அறை, எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. இந்தப் பை முதுகு படும் பக்கமாகத் திறக்கிறது. நெஞ்சுப் பட்டையைக் கழற்றி, தோள் ஸ்ட்ராப்பிலிருந்து இரண்டு கையையும் உருவிவிட்டு, இடுப்பு பெல்ட்டை மட்டும் அவிழ்க்காமல் பையை முன்பக்கம் சுற்றினால், வயிற்றுக்கு நேரே மேசை போட்ட மாதிரி நிற்கும். லென்ஸை மாற்றி, ஜிப்பை மூடி, பழையபடி பின்னால் தள்ளிவிடலாம். பை தரையைத் தொடவே வேண்டாம். விடியற்காலை தாதர் பூ மார்க்கெட்டில் தரை முழுக்கத் தண்ணீரும் நசுங்கிய சாமந்தியும்தான். சிவ்ரியில் பூநாரைக்காக நின்றால் காலடியில் சேறு. அங்கெல்லாம் இந்த ஒரு வசதிக்கு விலையே கிடையாது. ஆனால் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், பக்கத் திண்டு நல்ல அகலமாக இருக்க வேண்டும். வெறும் நாடா பெல்ட் எட்டு கிலோவுக்கு முன்னால் கவிழ்ந்துவிடும். கடையில் காலிப் பையைச் சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. உங்கள் சாமான்களைக் கொண்டுபோய் உள்ளே வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

லோக்கல் ரயிலில் பையை முன்னால் மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். திறப்பு நெஞ்சோடு ஒட்டியிருப்பதால் யார் கையும் உள்ளே போகாது. பையின் பக்கவாட்டுத் திறப்பு மட்டும் வெளியே இருக்கும், அதன் ரன்னர் நுனியைச் செருகி வைக்க ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது.

ஜிப் தேய்ந்தது பெரிய குறை இல்லை. கடற்காற்று உப்பும், விசர்ஜன் நேரத்தில், அதாவது பிள்ளையாரைக் கடலில் கரைக்கும்போது, பறக்கும் குலால் வண்ணப்பொடியும் எந்த ஜிப்பையும் அரித்துவிடும். மூடிய பிறகும் ஜிப் பின்னால் பிளந்துகொண்டால் பல் போய்விட்டது என்று முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள். தாராவியில் பை தைக்கும் நம்மூர்க்காரர் ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு அண்ணே, ரன்னர் வாய் அகண்டுபோச்சு, அதை மட்டும் மாத்துனா போதும்" என்றார். அதுதான் சரி. ரன்னரின் பின்புறம் 5, 8, 10 என்று எண் இருக்கும், அதே எண்ணில் வாங்க வேண்டும். பல் உள்பக்கம் திரும்பியிருக்கும் ஜிப்புக்கு ரன்னரும் வேறு, கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள். மாட்டிய பிறகு பல்லின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.

கோபமெல்லாம் உள்பூச்சின் மேல்தான். துணிக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க உள்பக்கம் பி.யூ., அதாவது பாலியூரித்தேன், கோட்டிங் பூசியிருக்கிறார்கள். பாலியூரித்தேனில் மலிவான வகையை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைத்துவிடும். முதலில் புளித்த வாடை வரும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் செதில் செதிலாக உரியும். இதில் ரெயின் கவர்தான் முதலில் போனது. ஈரத்தோடு மடித்து அடிப் பாக்கெட்டில் திணித்தால் இரண்டே மழைக்காலம்தான். மூன்றாம் வருஷம் பையின் உட்சுவரே உரிய ஆரம்பித்தது. அந்தச் செதில் சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் போகாது, ஒட்டிக்கொள்ளும். ஜூம் வளையத்தின் ரப்பர் வரிகளில் ஏறும், லென்ஸின் பின்மூடிக்குள் இறங்கும், அங்கிருந்து கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்ட்டுக்குப் போக எவ்வளவு நேரம்? லென்ஸைக் காப்பாற்றுவதற்காக வாங்கிய பையே லென்ஸில் அழுக்கைக் கொட்டுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைகிற ஊரில் விற்கும் பைக்கு இந்தப் பூச்சைப் போட்டது அநியாயம்.

உரிய ஆரம்பித்ததை நிறுத்த வழியில்லை, முழுக்க உரித்துவிடுவதே மேல். உள்ளே இருக்கும் தடுப்புகளை (டிவைடர்) எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிடிவாதமாக நிற்கும் இடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி. பிறகு வாயைத் திறந்து கவிழ்த்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் நிழலில் காய வைக்க வேண்டும். அதற்குப் பிறகு துணி தண்ணீரைத் தடுக்காது என்பதை மறக்கக் கூடாது.

நன்றாக இருக்கும் பையிலும் மழைக்காலத்தில் லென்ஸைப் போட்டு மூடி வைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அது போதும். காற்றுப் புகாத டப்பா, ஆரஞ்சு சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நிம்மதி.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். விலை இறங்கியிருப்பதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இந்தப் பூச்சு, பை தயாரான நாளிலிருந்தே கிழடாகிக்கொண்டு வரும், கோடவுனில் சும்மா கிடந்தாலும் அப்படித்தான். பழைய சரக்கென்றால் அவர் வாங்கும்போதே பாதி ஆயுள் போயிருக்கும். எந்தப் பையானாலும் ரெயின் கவரை வெளியே இழுத்து முகர்ந்து பாருங்கள், மடிப்பில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு என்ன என்று கேளுங்கள். பாலியூரித்தேனிலேயே இன்னொரு வகையான டி.பி.யூ. என்று சொன்னால் பெரும்பாலும் ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். வாயைச் சுருட்டி மூடும் மலையேற்றப் பை ஒன்று வாங்கி, உள்ளே திண்டு வைத்த கேமரா செருகு அறையைத் தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அறை கெட்டால் அறையை மட்டும் மாற்றலாம்.

என்னுடையதைத் தூக்கிப் போடப் போவதில்லை. பூச்சை உரித்தாயிற்று, ரன்னர் புதுசு, மழையென்றால் லென்ஸ்கள் தனித்தனி நீர்ப்புகாப் பையில் போகும். அந்த இடுப்பு பெல்ட் மாதிரி இன்னொன்று இன்னும் கையில் சிக்கவில்லை.