ஐசி இருந்தால் காணும் என்றார்கள்

ஆடி விடுமுறைக்கு மூன்று கிழமை திருகோணமலையில் நின்றோம். கோணேசர் கோவில், கன்னியா, நிலாவெளி எல்லாம் வழமைபோல. ஒரு புதன்கிழமை காலை, காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. கனடாவில் ஸ்காபரோவுக்குத் திரும்பி இரண்டு மாதமாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

உப்புவெளியில் எங்கள் வளவோடு ஒட்டின 15 பேர்ச் காணித் துண்டு விலைக்கு வந்தது. கிணற்றடிப் பக்கம். 1986இல் என்னை வெளியில் அனுப்பக் காசில்லாமல் அப்பா விற்ற காணி. இப்போது அதை வைத்திருக்கிற அக்கா, விற்பதென்றால் முதலில் உங்களைத்தான் கேட்பேன் என்று தங்கச்சியிடம் சொல்லி வைத்திருந்தார். இதற்குள் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். நான் கனடாப் பிரசை என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன்.

“ஐயா, நீங்க இங்க பிறந்தவர்தானே? பழைய ஐசி வச்சிருக்கிறீங்களா? அது காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

வைத்திருந்தேன். ஒன்பது இலக்கமும் கடைசியில் வி எழுத்தும் உள்ள பழைய அடையாள அட்டை. ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து, படத்தில் என் மீசை மட்டும்தான் தெரிகிறது. அந்த அட்டை சட்டைப் பையில் இல்லாமல் அந்தக் காலத்தில் சந்திக் கடைக்குக்கூடப் போக அம்மா விடமாட்டா. ஆமியின் சோதனைச் சென்றியில் இறங்கி, வரிசையில் நின்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும். வீடு மூன்று முறை மாறியும் அதைத் தொலைக்கவில்லை.

ஐந்து இலட்சம் ரூபா முற்பணம் அக்காவிடம் போயிற்று. தரகருக்கு ஐம்பதாயிரம் முன்கூட்டியே. முத்திரைக் காசையும் கணக்குப் போட்டு எடுத்து வைத்தேன்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேலே 4 வீதம்.

நொத்தாரிசு என் மகளின் வயதுப் பிள்ளை. உறுதி தட்டச்சாகி மேசையில் கிடந்தது. சாட்சிகள் இரண்டு பேரும் வந்து இருந்துவிட்டார்கள். ஐசியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தா. பிறகு, “அங்கிள், எந்தப் பாஸ்போர்ட்டில வந்தனீங்க?” என்று கேட்டா. நீல நிறக் கனடாப் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன்.

“இரட்டைக் குடியுரிமை எடுத்தீங்களா?”

இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டா.

வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக விரும்பி எடுத்த நாளோடு இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. ஐசி கையில் இருப்பதால் அது திரும்பி வராது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுதினால் அந்த உறுதி செல்லாது. 2013 தை 1 முதலே அப்படித்தான் கணக்கு. தொடர்மாடியில் வீடு வாங்கலாம். 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். நெருங்கிய உறவினரின் காணி வழியுரிமையாக வரலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையே இல்லை. அப்பாவின் கிணற்றடியைக் காசு கொடுத்து வாங்க மட்டும் எனக்கு வழியில்லை.

தரகர் விடவில்லை. “எத்தனை பேர் எழுதியிருக்கினம் மேடம்!”

“எழுதலாம் அண்ணா. பிறகு இவருடைய பிள்ளைகள் உறுதியோட வந்து நிக்கேக்க நீங்க இருப்பீங்களா?”

அந்த அறையில் என் பக்கம் நின்று பேசினது அந்தப் பிள்ளை ஒன்றுதான். தட்டச்சுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். கனடாவும் 2023 தை 1 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்து, அதை 2027 தை 1 வரை நீட்டியது. அது சரி என்று நானே பேசியிருக்கிறேன். அங்கே வீடு வாங்கும்போது லோயர் முதலில் கேட்டது நான் யார், எந்த நாட்டுப் பிரசை என்பதைத்தான். கையெழுத்து வைத்த அன்று பின்னேரமே பதிவும் முடிந்து திறப்பு கைக்கு வந்தது. இங்கே தரகர் தெரிந்துகொண்டே மறைத்தார். அதுதான் பொறுக்கவில்லை.

தங்கச்சியின் பெயரில் எழுதுவோம் என்று மச்சான் சொன்னார். வேண்டாம் என்றேன். பிறர் பெயரில் எழுதி வைத்து, பிறகு ஒரு கலியாண வீட்டுக்குக்கூட முகம் பார்க்காமல் போன அண்ணன் தங்கச்சிகளை ஸ்காபரோவில் கண்டிருக்கிறேன்.

எழும்பும்போது அந்தப் பிள்ளை ஃபைலிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துத் தந்தா. காணிப் பதிவுக் கந்தோரில் தேடுதல் செய்தபோது எடுத்த 1986 உறுதியின் பிரதி. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒரு இரட்டைப் பிரதி அங்கே போய்ச் சேரும். அதில் கையெழுத்துகளும் இருக்கும். நாற்பதாயிரம் ரூபா. வடக்கே ஒழுங்கை, கிழக்கே எங்கள் வளவு. “கிணறும் தென்னை நான்கும் உட்பட.” கீழே அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து பின்னுக்கு ஒரு கோடு இழுப்பார். எங்கள் றிப்போட் காட்டுகளில் பார்த்த அதே கோடு. இதில் அது பாதியில் நிற்கிறது.

அக்கா அன்று பின்னேரமே முற்பணத்தை முழுதாக, வங்கிக் கட்டுப் பிரியாமல், தங்கச்சி வீட்டில் கொண்டுவந்து வைத்தார். தரகரிடம் கொடுத்த ஐம்பதாயிரம் வரவில்லை. போன் எடுக்கிறார் இல்லை.

காணி வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இரட்டைக் குடியுரிமையை எடுங்கள். 55 வயது தாண்டினவர்களுக்கு வயதின்பேரில் விண்ணப்பிக்க ஒரு பிரிவு இருக்கிறது. நான் அதில்தான் போடுகிறேன். பிறப்புச் சான்றிதழ் புதுப்பிரதி எடுத்தாயிற்று. பொலிஸ் அறிக்கைக்குப் போன கிழமை கைரேகை கொடுத்தேன்.

“அவர் பேப்பரோட வரட்டும், வேறு ஆளுக்குக் காட்டமாட்டன்” என்று அக்கா சொல்லியிருக்கிறார். தென்னையில் இரண்டுதான் மிச்சமாம். கிணற்றுக்குப் புதுக் கப்பி போட்டுவிட்டு நேற்றுப் படம் அனுப்பியிருந்தார்.